மாதிரி அசைந்தால்தான் கல் அசையும்

எனக்கு ஆபீஸ்கள்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பூவங்குளத்தில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆபீஸ்களெல்லாம் ஒழுங்காக நடந்தால் என் வீட்டு அடுப்பில் பூனைதான் படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட எனக்கே கோட்டாற்றுக் கிரேன் ஆபீஸை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்கள்மேல் ஒரு பக்கம், என்மேல் ஒரு பக்கம்.

நடந்தது இதுதான். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் ஊருக்குக் கிழக்கே பூவங்கால் என்ற வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மடை உண்டு. அதை அடைக்கவும் திறக்கவும் ஆள் உயரத்துக்கு ஒரு கல் பலகை. பழைய பலகை விரிசல் விட்டுப் போனதால் மயிலாடி கோலப்பன் ஆசாரியிடம் புதுக் கல் அடித்து வாங்கினார்கள். கப்பியும் வடமும் பன்னிரண்டு ஆளும் இருந்தால் அதைப் பள்ளத்தில் நிறுத்த அரை நாள் போதும். ஆனால் சர்க்காருக்குப் புதிதாக ஒரு கிரேன் கிடைத்திருந்தது. யுத்தம் முடிந்து மிச்சப்பட்ட சாமான்களில் ஒன்று. கிடைத்த கிரேனைச் சும்மா வைத்திருக்க முடியுமா?

அந்தக் கிரேன் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. லீவரை ஒரு பக்கம் தள்ளினால் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும், கிரேனின் கை உயரும். மறுபக்கம் தள்ளினால் எண்ணெய் திரும்பி வரும், கை தாழும். இவ்வளவுதான் விஷயம். கிரேன் டிரைவர் செல்வதாஸ் ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் எனக்கு இதை விளக்கிவிட்டார். நானும் புரிந்துகொண்டேன். கடைசி வரைக்கும் புரிந்துகொள்ளாதது ஆபீஸ் ஒன்றுதான்.

கார்த்திகை பத்தாம் தேதி செல்வதாஸ் கல்லைத் தூக்கி மடைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். கல்லின் அடி தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் தொங்கிற்று. அதை இரும்புக் கொளுத்தில் மாட்டி நிறுத்துவதற்குள் சைக்கிளில் ஒரு சேவகன் வந்து இறங்கினான். கையில் உத்தரவு. வேறெங்கோ ஒரு திறப்பு விழாவில் ஒரு கிரேனின் கை எதிர்பாராமல் திரும்பி ஒரு மந்திரியின் பந்தலைத் தட்டிவிட்டதாம். மந்திரிக்கு ஒன்றுமில்லை, மாலைதான் கீழே விழுந்ததாம். ஆகவே இனிமேல் எந்தக் கிரேனும் எதிர்பாராமல் அசையக் கூடாது. ஒவ்வொரு கிரேனுக்கும் சிறியதாக ஒரு மாதிரி செய்ய வேண்டும். அதன் இயக்கத்தைக் கணக்கிட வேண்டும். மாதிரி செய்து காட்டாத எதையும் கிரேன் செய்யலாகாது.

செல்வதாஸ் லீவரை விட்டு இறங்கினார். கல் அந்தரத்தில் நின்றது.

ஊரில் மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவர்கள் வயலுக்குக் குளத்துத் தண்ணீரும் உண்டு. ஆறுமுகப்பெருமாள் பிள்ளைக்கு மட்டும் மேட்டு வயல். பதினெட்டு மரக்கால் விதை விழுகிற விதைப்பாடு, அவர் பேரில் பட்டா, அதற்கு இந்த மடையை விட்டால் வேறு வழி கிடையாது. மாசிப் போகமான கும்பப்பூ பயிர் அப்போது சூல் கொண்டு நின்றது. மார்கழி முழுக்கத் தண்ணீர் நின்றால் மாசியில் அறுக்கலாம். நிற்காவிட்டால் வைக்கோலைத்தான் அறுக்க வேண்டும். அந்த வயலைத் தவிர அவருக்கும் அவர் மனைவி உலகம்மைக்கும் வேறு ஆதாரம் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் என்னிடம் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு மூச்சு வாங்கியது.

"ஓய், கல்லு எறங்குகு."

"எந்தக் கல்லு?"

"தொங்குகில்லா, அந்தக் கல்லு. ஒரு நாளைக்கு ரெண்டு வெரக்கடை. நான் மடைச் செவுத்துல கரிக்கோடு போட்டுப் பாத்தேன். இப்பிடிப் போனா மார்கழிக்குள்ள தரையில வந்து இருக்கும். அதுக்குப் பொறவு எனக்க வயலுக்கு ஒரு சொட்டு வெள்ளம் வராது."

செல்வதாஸைக் கேட்டேன். அவர் ஆச்சரியமே படவில்லை. "பிஸ்டன்ல தோல் வாஷர் தேஞ்சு போச்சு. எண்ணெ கசியுது. எருமைத்தோல்ல ஒரு வாஷர் வெட்டிப் போட்டா தீர்ந்துது. கால் நாள் வேலை. ஆனா கிரேனத் தொடப்பிடாதுன்னு எங்கிட்ட சொல்லிட்டாங்களே" என்றார்.

நான் மனு எழுதினேன். முதல் மனு. அதில் வாஷரைப் பற்றியும் விளக்கமாக எழுதினேன். அது என் முதல் முட்டாள்தனம்.

கிரேன் ஆபீஸ் கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆறுமுகப்பெருமாள் பிள்ளையோடு நானும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே நடு அறையில், மேஜைமேல், பட்டுத்துணி போர்த்தி மாதிரி இருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. மரத்தில் கை, பித்தளையில் சிலிண்டர். கோலப்பன் ஆசாரியிடமே சொல்லி அதே அளவுக் கணக்கில் ஒரு குட்டிக் கல்லும் அடித்து வாங்கித் தொங்கவிட்டிருந்தார்கள். குமாஸ்தா லீலாபாய் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அசைந்ததா அசையவில்லையா என்று இயக்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். நல்ல பெண்தான். அவளுக்கும் வேலை வேண்டுமே.

"மாதிரி அசையல்லியே அண்ணாச்சி" என்றாள் அவள், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு. "பத்தாந் தேதியிலிருந்து இன்னைக்கு வர அசையல்ல."

"அது அசையல்லம்மா. அங்கின கெடக்க கல்லுதான் அசையுது."

"அதெப்பிடி? இது அசைஞ்சாத்தானே அது அசையணும்?"

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இயக்க அதிகாரி ஜான்ரோஸ் உள்ளறையிலிருந்து வந்தார். கோட்டு போட்ட, மெலிந்த, மரியாதையான மனிதர். யாரிடமும் கோபப்பட்டதே இல்லை. அதுதான் பெரிய கஷ்டம். கோபப்படுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். அவர் எங்களைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி இயக்கச் சமன்பாட்டைக் காட்டினார். அது பலகையின் இடப்பக்கம் தொடங்கி, வலப்பக்கம் போய், இடமில்லாமல் சுவரில் கொஞ்சம் ஏறியிருந்தது.

"இதில் தெரியாத எண்கள் மொத்தம் பதினொன்று. பத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். கையின் நீளம், கோணம், கல்லின் பாரம், எண்ணெயின் அழுத்தம், எல்லாம். பதினொன்றாவது உராய்வு. அதைக் கேட்டுத் திருவனந்தபுரத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் கல் எந்த நிமிஷத்தில் எங்கே இருக்கும் என்று இங்கிருந்தபடியே சொல்லிவிடுவேன்."

"சாரே, அது இப்பம் எங்க இருக்குன்னு நானே சொல்லுகேன். எனக்க நெத்திக்கு நேர இருக்கு."

"அது உங்கள் அபிப்பிராயம், பிள்ளை அவர்களே. அபிப்பிராயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சமன்பாட்டில் போட முடியாது."

வாஷர் விஷயத்துக்கு எழுத்து மூலம் பதில் வந்தது. மாதிரியின் சிலிண்டர் மிகச் சிறியது, அதற்குள் வாஷர் பொருத்த இடமில்லை, ஆகவே மாதிரியில் வாஷர் கிடையாது. மாதிரியில் இல்லாத உறுப்பு கிரேனில் தேய்ந்திருப்பதாகச் சொல்வது விதிகளுக்குப் பொருந்தாது. அந்தக் கடிதத்தை நான் ஏழு தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நியாயம் போலவே தோன்ற ஆரம்பித்ததால் மடித்து வைத்துவிட்டேன்.

நாலாவது மனுவுக்கு ஒரு நிபுணர் குழு வந்தது. மூன்று பேர், ஒரு கார், ஒரு குடை. மடைக்கரையில் நாற்காலி போட்டு, முக்கால் மணி நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை இறங்குகிற கல் முக்கால் மணியில் எவ்வளவு இறங்கும்? ஓர் எறும்பின் கால் அளவு இருக்கலாம். 'கண்ணுக்குத் தெரியும் அசைவு எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு இளநீர் குடித்தார்கள்.

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை பொறுக்க மாட்டாமல் வாய்க்காலில் இறங்கிக் கல்லுக்கு அடியில் போய் நின்றார். "ரெண்டு வாரத்துக்கு முன்ன இந்தக் கல்லுக்கடியில நான் நிமுந்து நடந்தேன். இப்பம் பாருங்க" என்று காட்டினார். கழுத்தை மடக்கி, முதுகை வளைத்து, முட்டியில் கையூன்றித்தான் அவரால் நிற்க முடிந்தது.

குழுத் தலைவர் ரொம்ப நேரம் யோசித்தார். "கல் இறங்கவில்லை, மனுதாரர் வளர்ந்திருக்கிறார் என்று ஏன் கொள்ளக் கூடாது?" என்றார்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். மற்ற இரண்டு பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் நாங்கள் ஆசுபத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. டாக்டர் அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் இரண்டே வாரத்தில் ஒரு முழம் வளர வாய்ப்பில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ஓய், நானும் படிச்ச படிப்புக்கு இந்த மாதிரி ஒரு சர்டிபிகேட் எழுதுவேன்னு நினைக்கல்ல" என்றார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மனுதாரர் வளரவில்லை என்பது ஏற்கப்பட்டது. கல்லும் அதே டாக்டரால் பரிசோதிக்கப்பட்டதா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

இதற்குள் மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கல் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அடியில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதிர் வெளியே எட்டிப் பார்த்தது. பால் பிடிக்க வேண்டிய பருவம். உலகம்மை தினமும் வரப்பில் வந்து நின்று, ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அவள்தான் மயிலாடிக்கு ஆள் அனுப்பினாள். கோலப்பன் ஆசாரி இரண்டு துண்டுக் கல்லையும் ஒரு கம்பிப்பாரையையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மடையைச் சுற்றிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"இதுக்கா ஓய் இத்தன நாளா மனு எழுதினீரு?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டு துண்டுக் கல்லையும் தொங்குகிற கல்லுக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். வேலை ஒரு நாழிகைகூடப் பிடிக்கவில்லை. கல் வந்து முட்டின்மேல் உட்கார்ந்தது. நின்றுவிட்டது. நடுவில் தண்ணீர் சலசலவென்று ஓடிற்று. ஆறுமுகப்பெருமாள் பிள்ளை ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வீட்டுல வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போணும்" என்றார். உலகம்மை அன்றைக்கு உளுந்தஞ்சோறு வைத்தாள். எனக்கும் கிடைத்தது. எட்டு நாள் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. நான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் ஜான்ரோஸ் நேரிலேயே வந்துவிட்டார். முட்டுக் கல்லைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. கோபமில்லை. வருத்தம்.

"இது என்ன பிள்ளை அவர்களே, இப்படிச் செய்துவிட்டீர்கள்? மாதிரியில் முட்டு இல்லையே. இப்போது மாதிரியும் கிரேனும் வேறு வேறு ஆகிவிட்டன. எங்களுடைய ஒரு மாத உழைப்பு வீணாகிவிட்டதே."

"சாரே, முட்டு இல்லேன்னா கல்லு எறங்கிப் போவும். எனக்க பயிரு..."

"கல் இறங்காது. நான் அதைத் தூக்கப் போகிறேன்." அவர் குரல் தாழ்ந்தது. "உராய்வு வந்துவிட்டது. நேற்றுத்தான் திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு மாதிரி கையை உயர்த்தும். லீலாபாய் ஏழே கால் மணிக்கு அதைப் பதிவு செய்வாள். சைக்கிளில் செய்தி வந்ததும் செல்வதாஸ் லீவரைத் தள்ளுவார். கல் ஆள் உயரத்துக்குப் போய்விடும். கொளுத்திலும் மாட்டிவிடலாம். உங்கள் கஷ்டம் நாளையோடு தீர்ந்தது. ஆனால் அதற்கு முன் முட்டு போக வேண்டும். மாதிரி இருக்கிறபடி கிரேன் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். நீங்களே எடுத்துவிட்டால் நல்லது, நாங்கள் எடுத்தால் போலீஸ் கேஸ் ஆகும்."

கோலப்பன் ஆசாரி அங்கே இருந்திருந்தால் பாரையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அவர் இல்லை. நான்தான் இருந்தேன். 'முட்டுக் கல்லை என் சம்மதத்துடன் நானே அகற்றுகிறேன், இனி மடையில் எதையும் வைக்க மாட்டேன்' என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார் ஜான்ரோஸ். எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு, எல்லோரும் சொல்வார்கள். ஆறுமுகப்பெருமாள் பிள்ளை என் முகத்தைப் பார்த்தார்.

"போடட்டுமா ஓய்?"

"ஒரு ராத்திரிதானே. போடும்" என்றேன்.

உலகம்மை வரப்பில் நின்று கத்தினாள். "எடுக்காதீங்க! சொல்லிட்டேன். நின்ன கல்லை எதுக்கு எளக்கணும்?" அவர் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரி அவருக்கு நாளும் மணியும் சொல்லியிருந்தார். ஒரு பாரையை இரவல் வாங்கிக் கிடைமட்டமாகப் போட்டு, இரண்டு முட்டுக் கல்லையும் தாமே நெம்பி வெளியே எடுத்தார். எடுத்த அதிர்வில் கல் ஒரு சாண் ஒரேயடியாக இறங்கிற்று. "பரவாயில்லை, அது எதிர்பார்த்ததுதான்" என்றார் ஜான்ரோஸ். யார் எதிர்பார்த்தார்கள் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே நாங்கள் மூன்று பேரும் கிரேன் ஆபீஸில் இருந்தோம். சேதி சைக்கிளில் வரும்வரை காத்திருக்க உலகம்மைக்கு மனசில்லை, மாதிரி தூக்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்துவிட்டாள். நல்ல மார்கழிக் குளிர். ஜான்ரோஸ் புதுக் கோட்டு போட்டிருந்தார். பட்டுத்துணியை எடுத்தார்கள். அவர் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, ஏழு மணி அடித்ததும், பித்தளை லீவரைத் தம் விரலால் தள்ளினார்.

மாதிரி அசையவில்லை.

மறுபடியும் தள்ளினார். கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். லீலாபாய் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தாள். கை எழும்பவில்லை. குட்டிக் கல் தொங்கிய இடத்திலேயே தொங்கிற்று.

"உராய்வில் தவறு இருக்குமோ?" என்று ஜான்ரோஸ் கரும்பலகைக்குப் போனார். அரை மணி நேரம் அழித்து அழித்து எழுதினார்.

உலகம்மை கிட்டே போய்ச் சிலிண்டரைக் குனிந்து பார்த்தாள். மூடியைத் திறந்து விரலை விட்டாள். வெள்ளையாக, கட்டியாக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது தேங்காயெண்ணெ இல்லா?"

ஆம், தேங்காயெண்ணெய்தான். கிரேனுக்குள் இருப்பது மிஷின் எண்ணெய், சீமையிலிருந்து பீப்பாயில் வந்தது. மாதிரிக்கு ஒரு குப்பி மிஷின் எண்ணெய் வாங்க அனுமதி வரவில்லை. கோட்டாற்றுக் கடைத்தெருவில் கிடைத்தது இது. எண்ணெய் என்றுதான் விதியில் இருந்தது, இன்ன எண்ணெய் என்று இல்லை. வெயில் எட்டாத அந்த நடு அறையில் அது முதல் நாளிலிருந்தே கட்டியாக நின்றிருக்க வேண்டும், மாதிரி இத்தனை நாளும் அசையாததும் அதனால்தான்.

"மார்கழியில காலம்பற தேங்காயெண்ணெ ஒறையும்னு தெரியாதா? தலைக்குத் தேய்க்கணும்னா நாங்க குப்பிய வெயில்ல வைப்போம். இந்தச் சாமானத் தூக்கி ஜன்னல் பக்கம் வெயில்ல வையுங்க. கால் மணி நேரத்துல எளகிரும். இதுக்கு எதுக்குக் கணக்கு?"

ஜான்ரோஸ் திரும்பினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவமானப்படுவார் என்று நினைத்தேன். அவர் சந்தோஷப்பட்டார்.

"கண்டுபிடித்துவிட்டோம்!" என்றார். "குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். எழுதிக்கொள் லீலாபாய். ஆகவே கிரேனின் எண்ணெயும் இப்போது உறைந்துதான் இருக்கும். இந்த நிலையில் லீவரைத் தள்ளியிருந்தால் எவ்வளவு பெரிய ஆபத்து! மாதிரி நம்மைக் காப்பாற்றியது."

"கிரேன்ல மிஷின் எண்ணெ சாரே! அது ஒறையாது!"

"மாதிரியில் உறைந்ததே, அம்மா."

"எண்ணெ ஒறைஞ்சிருந்தா கல்லு எப்பிடி எறங்குகு?"

"ஆகவே கல் இறங்கவில்லை" என்றார் ஜான்ரோஸ், மிகுந்த மரியாதையுடன்.

உலகம்மை மாதிரியை இரண்டு கையாலும் தூக்கப் போனாள். சேவகன் குறுக்கே பாய்ந்தான். மாதிரியை அறையை விட்டு நகர்த்த இயக்க அனுமதி வேண்டும். நகர்த்தினால் அதுவும் ஓர் இயக்கம்தானே? வெயிலில் வைப்பதற்கு அனுமதி கேட்டு அன்றைக்கே எழுதினார்கள். அனுமதி வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் மடையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள், சம்மதக் கடிதத்தின் பிரதியோடு. கோலப்பன் ஆசாரி பாரையோடு வந்தார், போலீஸ்காரர்கள் கடிதத்தைக் காட்டியதும் திரும்பிப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் கல் தரையில் உட்கார்ந்தது. கோலப்பன் ஆசாரியின் வேலை சுத்தம். ஒரு சொட்டு கசியவில்லை.

ஆறுமுகப்பெருமாள் பிள்ளையும் உலகம்மையும் குளத்திலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். மூன்று நாள் ஊற்றினார்கள். பதினெட்டு மரக்கால் விதைப்பாட்டுக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்? கதிர் நிமிர்ந்தே நின்றது. பால் பிடிக்காத கதிர் அப்படித்தான் நிற்கும், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நல்ல விளைச்சல் என்று தோன்றும். தை பிறந்ததும் எல்லாம் வெளுத்தது.

கோட்டாற்றில், அனுமதி கேட்டு எழுதிய ஏழாம் நாள் மாதிரியை வெயிலில் வைத்தார்கள். எண்ணெய் இளகியது. லீவரை யாரும் தொடுவதற்கு முன்பே குட்டிக் கல் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. வாஷர் இல்லாத சிலிண்டர் வேறென்ன செய்யும்? ஆபீஸ் முழுக்கக் கைதட்டியது. மாதிரி இறங்கிவிட்டது, கல்லும் இறங்கியிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போய்விட்டன. தை முதல் வாரத்தில் மடைக்கரையில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். பந்தலைக் கிரேனிலிருந்து தள்ளிப் போட்டிருந்தார்கள்.

ஜான்ரோஸ் பேசினார். அந்தப் பேச்சை நான் எழுதி வைத்திருக்கிறேன். "ஐம்பத்தைந்து நாளில் ஒரு விபத்தும் இல்லை. எந்த மந்திரிக்கும் எந்த இடையூறும் இல்லை. கல் எங்கே இறங்க வேண்டுமென்று திட்டமிட்டோமோ அங்கேயே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு வயல் காய்ந்துபோனது உண்மை. அதற்காக நான் மனப்பூர்வமாக வருந்துகிறேன். ஆனால் வயல் நம் கட்டுப்பாட்டில் இல்லை. கிரேன் நம் கட்டுப்பாட்டில் இருந்தது."

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை பந்தலுக்கு வெளியே நின்றார். பேச்சு முடிந்ததும், "அப்பம் இனி கல்லைத் தூக்குவியளா சாரே?" என்று கேட்டார். தூக்குவது வேறு இயக்கம் என்றார் ஜான்ரோஸ். எண்ணெய் இளகி இறங்குவதற்கான கணக்குத்தான் இப்போது முடிந்திருக்கிறது. ஏறுவதற்குப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதில் தெரியாத எண்கள் பதினாலு.

சொல்லிக்கொண்டே வந்தவர் மடைச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். கரிக்கோடுகள். நாளுக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை, ஒழுங்காக, தேதியோடு. முட்டு நின்ற எட்டு நாளும் ஒரே கோட்டின்மேல் எட்டுத் தேதி.

"இதை யார் போட்டது?"

"நான்தான் சாரே."

"எப்படிக் கணக்கிட்டீர்கள்?"

"கணக்கொண்ணும் இல்ல. கண்ணால பாத்தேன்."

ஜான்ரோஸ் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். மாசி முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. கிரேனின் இயக்கத்தை முழுக்கச் சரியாகச் சொன்னவர் இந்தச் சமஸ்தானத்தில் ஒருவர்தான். ஆகவே ஆறுமுகப்பெருமாள் பிள்ளையைப் பூவங்கால் மடையின் தற்காலிக இயக்க நோக்கராக நியமித்திருக்கிறார்கள். தினமும் பத்து மணி முதல் ஐந்து மணி வரை கல்லுக்கு எதிரில் உட்கார்ந்து அசைவைப் பதிவு செய்ய வேண்டும். மடைக்கல் சம்பந்தமான மனுக்கள் எல்லாம் இனி அவரிடமே கொடுக்கப்பட வேண்டும். அவர் விதிப்படி பரிசீலித்து முடிவு எழுதுவார்.

அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். "போவாம? வீட்டுல அரிசி எங்க இருக்கு?" என்றார் அவர். அது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அந்த வருஷம் மாசியில் ஊரெல்லாம் அறுவடை. அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தன் வெளுத்த வயலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, தினமும் ஒரு வரி எழுதினார். 'அசையவில்லை.' முதல் வாரம் எழுதிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். பிறகு பழகிவிட்டது. பங்குனியில் ஒருநாள் ஸ்டூலைச் சுற்றிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நான் கிட்டே போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோது, "ஓய், அந்தக் கோட்டுக்கு அங்கின நில்லும். ஆபீஸ் நேரம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பங்குனி கடைசியில் உலகம்மை என் வீட்டுக்கு வந்தாள். சித்திரையில் அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் போட வேண்டும். மடை திறக்காவிட்டால் அந்தப் பூவும் போயிற்று.

"அவியகிட்ட எத்தனையோ மட்டம் சொல்லிப் பாத்தேன். கல்லைத் தூக்கச் சொல்லி எழுதுங்கன்னேன். வீட்டுல வச்சுச் சொன்னா காதுல விழ மாட்டேங்கு. மனுவாக் கொண்டான்னு சொல்லுகாரு. நீங்க எழுதித் தாங்க."

"ஆருக்கு எழுத?"

"அவியளுக்குத்தான்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படி ஒரு மனு எழுதியதில்லை. உயர்திரு இயக்க நோக்கர் அவர்கள் சமூகம், என்று தொடங்கினேன். அவள் பெருவிரல் ரேகை வைத்தாள். தானே கொண்டுபோய் ஸ்டூலுக்கு எதிரில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து மனு திரும்பி வந்தது. சேவகன் அவள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனானாம். எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அடியில் சிவப்பு மையில் முடிவு எழுதியிருந்தது. அந்தக் கோணல் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், அவர் எழுத்து.

'மேற்படி நிலம் மனுதாரர் பேரில் இல்லை. நில உடைமையாளரின் சம்மதக் கடிதம் பெற்று இணைத்துத் திரும்ப விண்ணப்பிக்கவும்.'

உலகம்மை என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.